தம்பிக்கு ஆர்டர் வந்தால் நாவல் முடியும்

மேடையில் உட்கார வைத்துக் கேட்கும் கேள்விகளில் எனக்கு எரிச்சல் மூட்டுவது ஒன்று உண்டு. "உங்களைப் பாதித்த எழுத்தாளர்கள் யார் யார்?" நெய்வேலியில் பாதிக்கப்பட்டவர்கள் என்றால் அது வேறு ஆட்கள், சுரங்கத்துக்கு நிலம் கொடுத்தவர்கள். அவர்களுக்குச் சங்கம் இருக்கிறது, கொடி இருக்கிறது, அவ்வப்போது ஓர் ஆர்ப்பாட்டமும் இருக்கிறது. எழுத்தாளரால் பாதிக்கப்பட்டவர் என்று யாராவது மனுவோடு வந்து நின்றால், முதலில் தண்ணீர் கொடுத்து உட்காரச் சொல்வார்கள்.

ஆனாலும் பதிலை எப்போதும் தயாராக வைத்திருக்கிறேன். இரண்டு ரஷ்யர்கள், ஒரு லத்தீன் அமெரிக்கர், ஒரு ஜப்பானியர், மறக்காமல் ஒரு பெண். தமிழில் யார் பெயரையும் சொல்வதில்லை. ஒருவரைச் சொன்னால் மற்றவர்களுக்குக் கோபம் வரும். செத்தவரைச் சொன்னால் இருப்பவர்கள் எல்லோருக்கும் கோபம் வரும். ரஷ்யர்கள் கோபித்துக்கொண்டு பஸ் ஏறி வரமாட்டார்கள். நான் பெயர்களைச் சொல்லச் சொல்ல முன்வரிசை தலையாட்டும். அந்த ஜப்பானியரை நான் பாதியில் மூடிவைத்துவிட்டேன் என்பது அவர்களுக்குத் தெரியாது. அவர்கள் முன்னுரையோடு நிறுத்தியவர்கள் என்பது எனக்குத் தெரியும்.

உண்மையைச் சொல்வதென்றால் என்னைப் பாதித்தது எங்கள் தெரு. கல்யாணமாகிக் கணவரின் கம்பெனி குவார்ட்டர்ஸுக்கு வந்தபோது எங்களுக்கு இடது பக்கம் திருநெல்வேலி, வலது பக்கம் தஞ்சாவூர், எதிர்வீடு கோயம்புத்தூர். எல்லாம் ஒரே மாதிரி வீடு. சமையலறை எங்கே என்று யாரும் யாருக்கும் வழி காட்ட வேண்டியதில்லை. சண்டை மட்டும் ஜில்லாவுக்கு ஜில்லா வேறு. குழாயில் தண்ணீர் விடுகிற நேரத்தில் எல்லோரும் பின்பக்கம் நின்று பேசுவதைக் கேட்டுத்தான் நான் உரையாடல் எழுதப் பழகினேன். திருநெல்வேலி அக்கா திட்டுவார், திட்டு முடிந்ததும் சாப்பிட்டாயா என்பார். கோயம்புத்தூர் அக்கா ஒரு வார்த்தைகூட மரியாதை குறையாமல் பேசுவார், வீட்டுக்குள் வந்த பிறகுதான் நமக்கு அழுகை வரும். எந்த இலக்கிய முகாமிலும் இதைச் சொல்லித் தரவில்லை.

இந்தக் கலவைத் தமிழால் எனக்கு ஒரு கெட்ட பெயரும் வந்தது. என் இரண்டாவது நாவலுக்கு மதிப்புரை எழுதியவர், "இவரிடம் மண்வாசனை இல்லை" என்று முடித்திருந்தார். எனக்குச் சிரிப்புதான் வந்தது. எங்கள் ஊரில் மண் என்பது நிலக்கரிக்கு மேலே கிடந்து தொந்தரவு கொடுக்கும் பொருள். அதற்கு ஓவர்பர்டன், மேல்சுமை என்று பெயரே வைத்திருக்கிறார்கள். மாடிவீடு உயரத்துக்கு மெஷினை நிறுத்தி அதை வெட்டி, கன்வேயர் பெல்ட்டில் ஏற்றி, தூரத்தில் கொண்டுபோய் மலையாகக் கொட்டிய பிறகுதான் வேலையே தொடங்கும். எங்கள் அப்பாவின் முந்திரித் தோப்பு மண்ணும் அந்த மலைக்குள் எங்கேயோ இருக்கிறது. வாசனை தேவைப்படுகிற மதிப்புரையாளர்கள் நேரில் வந்து முகர்ந்து பார்த்துக்கொள்ளலாம்.

அடுத்த கேள்வி இதைவிட மோசம். "இப்போது என்ன எழுதிக்கொண்டிருக்கிறீர்கள்?"

மூன்றாவது நாவலைத்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன். முதல் புத்தகம் வந்தபோது பள்ளிக்கூடம் போன என் மகள் இப்போது வேலைக்குப் போகிறாள், நான் இன்னும் அதே மூன்றாவதை எழுதிக்கொண்டிருக்கிறேன். எனக்கென்று எழுத்து அறை கிடையாது. கணவரின் யூனிஃபார்மைத் தேய்க்கிற மேசையில், தேய்த்த துணியை ஓரமாகத் தள்ளிவிட்டு உட்காருவேன். ஏன் இத்தனை தாமதம் என்று கேட்டால், "பாத்திரங்கள் தங்கள் போக்கில் போகிறார்கள், நான் பின்தொடர்கிறேன்" என்பேன். இதைச் சொன்னால் கைதட்டுவார்கள். ஒரு தடவை ஒரு கல்லூரிப் பெண் எழுதிக்கூட வைத்துக்கொண்டாள். பாவம்.

நாவல் முடியாததற்குக் காரணம் என் தம்பிக்கு இன்னும் பெர்மனென்ட் ஆர்டர் வராததுதான்.

நாவலின் நாயகன் அவன். எங்கள் நிலம் சுரங்கத்துக்குப் போனபோது அவன் டவுசர் போட்ட பையன். என்னைக் கட்டிக்கொண்டவர் சுரங்கத்தில் பெர்மனென்ட். ஊரில் அதைக் கல்யாணம் என்று சொல்லவில்லை, லாட்டரி என்றார்கள். தம்பி பெரியவனானதும் காண்ட்ராக்டில் சேர்ந்தான். ஓடுகிற பெல்ட்டிலிருந்து கீழே சிந்துகிற மண்ணை அள்ளித் திரும்பப் பெல்ட்டிலேயே போடுகிற வேலை. இன்று அள்ளிய இடத்தில் நாளை மறுபடி சிந்தியிருக்கும். இன்று பெர்மனென்ட் ஆகும், நாளை ஆகும் என்று காத்திருந்து தலையில் பாதி நரைத்துவிட்டது. நானும் அவன் கதையை எழுதத் தொடங்கினேன். ஒரு மனிதன் நிரந்தர வேலை கேட்டுக் காத்திருக்கிறான், கடைசியில் கிடைத்ததா இல்லையா என்பதுதான் கதை. கிடைத்ததும் எழுதி முடித்துவிடலாம் என்று நினைத்தேன். என் முட்டாள்தனத்துக்கு அளவே இல்லை. ரஷ்யர்கள் தங்கள் நாவலின் முடிவை யூனியன் பேச்சுவார்த்தையிடம் ஒப்படைத்ததாக நான் எங்கும் படித்ததில்லை.

பர்ஸ்ட் ஷிஃப்ட் முடிந்தால் அவன் நேராக எங்கள் வீட்டுக்குத்தான் சாப்பிட வருவான். அவனும் அம்மாவும் இருப்பது நிலத்துக்குப் பதிலாகக் கம்பெனி கொடுத்த மாற்றுக் குடியிருப்பில், இங்கிருந்து தூரம். தட்டில் கை வைத்ததுமே மேசைப் பக்கம் பார்த்துக் கேட்பான்.

"இன்னாக்கா, நான் பெர்மனென்ட் ஆயிட்டனா?"

"இன்னும் இல்லடா."

"நீயும் மேனேஜ்மென்ட் மாதிரியே இழுத்துகினு இருக்க."

இதற்கு என் கணவர் மட்டும் சிரிப்பார். சுரங்கத்தில் சீனியர் என்பதால் வீட்டில் மற்றவர் கஷ்டத்துக்குச் சிரிக்கும் உரிமை அவருக்கு உண்டு.

போன தை மாதம் பண்ருட்டிப் பக்கமிருந்து பெண் வீட்டார் வந்தார்கள். தம்பிக்கு வயது ஏறிக்கொண்டே போகிறது என்று அம்மா எங்கள் குவார்ட்டர்ஸிலேயே வைத்து ஏற்பாடு செய்திருந்தார். பெர்மனென்ட் வீட்டில் உட்கார வைத்தால் மாப்பிள்ளைக்கும் கொஞ்சம் பெர்மனென்ட் ஒட்டிக்கொள்ளும் என்று அம்மாவுக்கு ஒரு கணக்கு. பெண்ணின் தாய்மாமன் காபி டம்ளரைத் தொடுவதற்கு முன்பே கேட்டுவிட்டார். "தம்பி பெர்மனென்ட்டுங்களா?"

அம்மா என்னைப் பார்த்தார். நான் கணவரைப் பார்த்தேன். அவர் மின்விசிறியைப் பார்த்தார். தம்பிதான், "காண்ட்ராக்டுங்க. அடுத்த லிஸ்ட்ல வந்துடும்னு சொல்லிகினு இருக்காங்க" என்றான். பெண் வீட்டார் ரொம்ப நல்ல மாதிரி. காபியை மட்டும் குடித்தார்கள், கை நனைக்கவில்லை. போகும்போது அந்தத் தாய்மாமன், "ஆர்டர் வந்ததும் ஒரு போன் போடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். பெண்ணின் போட்டோவைத் திருப்பிக் கேட்கவில்லை என்பதில் அம்மாவுக்குக் கொஞ்சம் ஆறுதல்.

அதே வாரம் சென்னையிலிருந்து என் பதிப்பாளர் கூப்பிட்டு, "முடிஞ்சதும் ஒரு போன் போடுங்க மேடம்" என்றார். இதைச் சொன்னபோது தம்பி சோற்றைப் பிசைந்தபடியே, "பொண்ணு வூடும் உன் புக்கு கம்பெனியும் ஒண்ணுதான். ரெண்டு பேருக்கும் நான் ஆர்டர் வாங்கணும்" என்றான்.

பதிப்பாளர் நல்லவர், ஆனால் பொறுமை இல்லாதவர். அதுவரை எழுதியதை அனுப்பச் சொல்லி ஒரு மூத்த விமர்சகரிடம் கொடுத்தார். அந்தப் பெரியவர் சொன்னால் நாவல் உலகத்தரம், சொல்லாவிட்டால் உள்ளூர்த்தரம். அவர் ஒரு தடவை நெய்வேலிக்கு வந்திருக்கிறார். சுரங்கத்தைப் பார்ப்பதற்கென்று கட்டிவைத்திருக்கும் மேடையில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு, ஒரு நிலக்கரித் துண்டையும் வாங்கிக்கொண்டு போனார். அது இப்போது அவர் மேசையில் காகிதம் பறக்காமல் பார்த்துக்கொள்கிறது. அந்த அனுபவத்தில் அவர் சுரங்கத்தைப் பற்றி அரை மணி நேரம் என்னோடு போனில் பேசினார்.

"நல்லா வந்திருக்கும்மா. ஆனா நாவல் எழுந்து நிக்கல. அவனைக் கொன்னுடுங்க" என்றார்.

"யாரைங்க ஐயா?"

"நாயகனைத்தான். அந்தப் பெல்ட்லயே போகட்டும். மழை பெய்யட்டும். வேலை கிடைக்காமலே சாகணும், அதுதான் உச்சம். உயிரோட விட்டீங்கன்னா அது யூனியன் நோட்டீஸ் ஆயிடும்."

எனக்கு உடனே கோபம் வந்திருக்க வேண்டும், வரவில்லை. மேடையில் நான் அடுக்குகிற ரஷ்யர்களும் இதைத்தானே சொல்லியிருப்பார்கள் என்று தோன்றியது. பெரிய நாவல்களில் யாராவது செத்தால்தான் கடைசிப் பக்கம் வரும். பெர்மனென்ட் ஆகி, குவார்ட்டர்ஸ் கிடைத்து, பால் கார்டு வாங்கிய நாயகன் எவனையும் உலக இலக்கியத்தில் நான் பார்த்ததில்லை.

எழுதினேன். அந்த நாவலில் எந்த அத்தியாயமும் அவ்வளவு வேகமாக வந்ததில்லை. மழை வந்தது, சேறு வந்தது, பெல்ட்டின் சத்தம் வந்தது, கடைசியில் அம்மா வந்து சுரங்க வாசலில் விழுந்து அழுதார். அழுகையை மட்டும் மூன்று விதமாக எழுதிப் பார்த்து நல்லதாக ஒன்றை வைத்துக்கொண்டேன். மேல்நாட்டுப் பெரியவர்கள் எல்லோரும் என் முதுகுக்குப் பின்னால் நின்று தலையாட்டுவது போலிருந்தது. சந்தோஷமாக இருந்தது. இதை மறைத்து என்ன ஆகப்போகிறது, ரொம்பச் சந்தோஷமாக இருந்தது.

திருத்துவதற்காகப் பிரின்ட் எடுத்து வைத்த பக்கங்கள் யூனிஃபார்மோடு சேர்ந்து கணவர் கைக்குப் போய்விட்டன. ஷிஃப்ட் போர்டையும் மாதச் சம்பளச் சீட்டையும் தவிர அவர் எதையும் படித்து நான் பார்த்ததில்லை. இதைப் படித்திருக்கிறார். தம்பி வந்து தட்டின் முன்னால் உட்கார்ந்ததும், "மச்சான், உங்க அக்கா உன்னக் கொன்னுடுச்சு" என்றார்.

"அப்டியா மாமா? எப்டி?"

"பெல்ட்ல."

அவர் கையிலிருந்த பக்கங்களை நான் பிடுங்குவதற்குள் தம்பி வாங்கிவிட்டான். இடது கையில் பிடித்துக்கொண்டு வலது கையால் சாப்பிட்டுக்கொண்டே படித்தான். கருவாட்டுக் குழம்பு. அவன் எப்போதும் மெதுவாகப் படிப்பவன். பக்கம் முடிந்ததும் முழங்கையால் அதை அழுத்திக்கொண்டு அடுத்ததை எடுப்பான். நான் அப்பளம் பொரிக்கிற சாக்கில் சமையலறையில் நின்றேன். என் வாழ்க்கையில் எந்த மதிப்புரைக்கும் நான் அப்படிப் பயந்ததில்லை.

"நல்லா எழுதிகிறக்கா" என்றான் அங்கிருந்தே. "மழை சூப்பரா வருது."

நான் அப்பளத்தைத் திருப்பிப் போட்டேன்.

"அம்மா அழுவறதுதான் சரியில்ல. அது இப்டி அழுவாது. என்னத் திட்டிகினே அழுவும்."

"மாத்திடறேன்டா."

"சரி, ஒண்ணு கேக்கறேன். சாவற அன்னிக்கு நான் காண்ட்ராக்டா, பெர்மனென்ட்டா?"

"காண்ட்ராக்டுதான்."

"ஏன்?"

"அதான்டா கதையே" என்றேன். விமர்சகரின் குரல் என் வாயிலிருந்து வந்தது எனக்கே கேட்டது.

அவன் கொஞ்சம் யோசித்தான். கோபம் எல்லாம் இல்லை. இன்னொரு கரண்டி ரசம் கேட்கிற மாதிரிதான் கேட்டான். "இத்தினி பக்கம் எழுதிகிற. நடுவுல ஒரு வரில ஆர்டரக் குடுத்துட்டு அப்பால சாவடிச்சிருக்கலாம்ல? பெர்மனென்ட்டுன்னா, வூட்ல ஒருத்தருக்கு வேலை குடுங்கன்னு அம்மா ஆபீஸ் வாசல்ல போயி நிக்கும். காண்ட்ராக்டுன்னா அது எதக் காட்டிகினு நிக்கும்?"

கணவர் சிரிக்கத் தொடங்கிப் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

"செத்தப்புறமும் காண்ட்ராக்டுதானாக்கா?" என்று கேட்டுவிட்டுத் தம்பி தட்டை எடுத்துக்கொண்டு கை கழுவப் போனான். போகும்போது பக்கங்களை மேசையில் தேய்த்த துணிமேல் ஒழுங்காக அடுக்கி வைத்துவிட்டுத்தான் போனான்.

எனக்கு அவமானமாக இருந்தது. விமர்சகர் மேல் கோபம், பதிப்பாளர் மேல் கோபம், முகம் தெரியாத ரஷ்யர்கள் மேலும் கோபம். எல்லாவற்றையும்விட, அந்த மூன்று விதமான அழுகையில் நல்லதாக ஒன்றைப் பொறுக்கி எடுத்தேனே, அந்தக் கையைத்தான் எதிலாவது அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. ஆனால் அத்தியாயத்தை அன்றைக்கு அழிக்கவில்லை. எழுத்தாளர்களுக்கு அவமானம் வரும், ஆனால் எழுதியதைத் தூக்கிப்போடும் அளவுக்கு வருவது அபூர்வம். அதிலும் மழை நன்றாக வந்திருக்கிறது என்று செத்தவனே சொல்லியிருந்தான்.

கொஞ்ச நாளில் லிஸ்ட் வரப்போகிறது என்று டவுன்ஷிப் முழுக்கப் பேச்சு. டீக்கடையில் பேச்சு, கோயிலில் பேச்சு. அம்மா அந்தப் பெண்ணின் போட்டோவை எடுத்துச் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார். தம்பி மட்டும் எப்போதும் போல வந்து சாப்பிட்டுவிட்டுப் போனான். ஆனால் நாவலைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. அந்த மேசைப் பக்கமே திரும்பவில்லை. நான் பெர்மனென்ட் ஆயிட்டனா என்று அவன் கேட்காமல் சாப்பிடுவதைப் பார்க்க எனக்குச் சோறு இறங்கவில்லை.

அன்றைக்குக் காலையிலிருந்தே மூட்டமாக இருந்தது. மதியம் கணவர் போன் செய்தார். "லிஸ்ட் ஒட்டிட்டாங்க. உன் தம்பி பேரு இல்ல. மூணு தடவ பாத்துட்டேன்." குரலில் கிண்டல் துளியும் இல்லை, அதனால்தான் எனக்கு உறைத்தது. "அவன் எங்க?" என்றேன். "தெரியல, ஷிஃப்ட் விட்டு எல்லாரும் வந்துட்டாங்க" என்றார்.

தம்பியின் போனுக்கு அடித்தேன். எடுக்கவில்லை. மறுபடி அடித்தேன். மழை பிடித்துக்கொண்டது. சாதாரண மழை இல்லை, நான் எழுதிய மழை. அதே மாதிரி முதலில் காற்று, பிறகு புளியமரத்தில் சத்தம், பிறகு தெருவே தெரியாமல் கொட்டியது. நான் கேட்டில் போய் நின்றேன். திருநெல்வேலி அக்கா ஜன்னலிலிருந்து, "ஏட்டி, நனைஞ்சுட்டு நிக்க, உள்ள போ" என்று திட்டினார். முந்தானைக்குள் போனைப் பொத்திக்கொண்டு அங்கேயே நின்றேன்.

அந்த நேரம் பார்த்துப் பதிப்பாளர் கூப்பிட்டார். தம்பிதான் என்று நினைத்துப் பாய்ந்து எடுத்தேன்.

"மேடம், கடைசி அத்தியாயம் பிரமாதமா இருக்கும்னு பெரியவர் சொன்னார். முடிச்சிட்டீங்களா?"

"அவன் இன்னும் வரல" என்றேன்.

"யாரு மேடம்?"

"உங்க நாயகன்" என்று சொல்லிப் போனை வைத்தேன்.

உள்ளே போய் மேசைமேலிருந்த பக்கங்களைக் கிழித்துப் போட்டேன். அதோடு விடாமல் லேப்டாப்பைத் திறந்து அந்த அத்தியாயத்தை அழித்தேன். அழித்ததை எங்கோ வைத்திருக்கிறதாமே கம்ப்யூட்டர், அங்கேயும் தேடிப் போய் அழித்தேன். மழை நன்றாக வந்திருந்ததும் போனது, பெரியவரின் உச்சமும் போனது. எழுதியது நடந்துவிடும் என்று நம்புகிற ஆள் இல்லை நான். பகுத்தறிவு பேசிப் பரிசு வாங்கியவள். அன்றைக்கு அதெல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை. மறுபடி வந்து கேட்டில் நின்றேன்.

வண்டிச் சத்தம் கேட்டது. தொப்பலாக நனைந்து வந்து இறங்கினான்.

"போன் எங்கடா?" என்று கத்தினேன்.

"நனைஞ்சிடும்னு கவர்ல சுத்தி சீட்டுக்குள்ள வெச்சிட்டன். இன்னாத்துக்குக் கத்தற?" தலையைத் துவட்டத் துண்டு வாங்கிக்கொண்டான். "பசங்க விடல. மழ விடட்டும்னு டீக்கடையில நின்னுகினு இருந்தோம்."

நான் வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்தேன்.

"லிஸ்ட்ல இல்லக்கா."

"தெரியும். மாமா சொன்னாரு."

அவன் துண்டால் முகத்தைத் துடைத்தான். தேவைக்கு மேல் கொஞ்ச நேரம் துடைத்தான். பிறகு பல நாளாகப் பார்க்காத அந்த மேசைப் பக்கம் பார்த்தான்.

"உன்னுதுலயாவது இருக்கனா, இல்ல போய்ட்டனா?"

"இருக்கடா" என்றேன்.

"அப்ப சோத்தப் போடு" என்று தட்டை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தான்.